டிபன் டப்பாவில் தாளம்

2015 டிசம்பர் முதல் தேதி இரவு, முடிச்சூரில் எங்கள் தெருவில் ஓடிய தண்ணீர் வாசற்படி ஏறிக் கூடத்துக்குள் வந்தது. கரண்ட் போய் நெடுநேரம் ஆகியிருந்தது. கைக்கு அகப்பட்டதையெல்லாம் மாடிக்கு ஏற்றினோம்: அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, அம்மாவின் மருந்துப் பை. பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு நீள நோட்டு இருந்தது எனக்கு ஞாபகமே வரவில்லை. தண்ணீர் வடிந்தபின் சேற்றிலிருந்து அதை எடுத்தபோது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், நீல மை முழுக்கக் கரைந்து, ஸ்வரங்கள் இருந்த இடத்தில் மேகம் மாதிரி ஒரு கறைதான் மிஞ்சியிருந்தது.

அது என் பாட்டு சாரின் நோட்டு. அவர் காலமான பிறகு அவர் வீட்டார் என்னிடம் கொடுத்து வைத்தது. முப்பத்தொரு கீர்த்தனை, இரண்டு வர்ணம், எல்லாம் அவரே கட்டியவை. பத்திரமாக வைத்திருப்பேன் என்று நம்பிக் கொடுத்தார்கள்.

சார் மேடைப் பாடகர் இல்லை. நகரத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. காலையில் மேற்குத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயில், மாலையில் அதே ரயிலில் திரும்புவார், ராத்திரி ஏழரைக்கு எங்களுக்குப் பாட்டு கிளாஸ். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கிளாஸ். இந்த மனிதர் முப்பத்தொரு பாட்டை எப்போது கட்டினார் என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததே இல்லை. ஒரு நாள் நோட்டைப் புரட்டியபோது ஓரத்தில் பென்சிலால் சில பெயர்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன். பல்லவிக்கு நேரே ‘பல்லாவரம்’. அநுபல்லவிக்கு நேரே ‘கிண்டி’. ஒரு சிட்டைஸ்வரத்துக்கு நேரே ‘சேத்துப்பட்டு (சிக்னல்)’.

“என்ன சார் இது, ஸ்டேஷன் பேரு?”

“அந்த அடி எங்க சரியா வந்துச்சோ அந்த ஸ்டேஷன். இந்தப் பூர்விகல்யாணி சரணம் இருக்கு பாரு, குரோம்பேட்டை வரைக்கும் இடம் உட்காரவே இல்ல. மீனம்பாக்கத்துல பிடிச்சேன்.”

1931இலிருந்து மின்சார ரயில் ஓடுகிற தடம் அது. தாம்பரத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், அதுதான் கடைசி ஸ்டேஷனில் குடியிருப்பவருக்குக் கிடைத்த வரம். மடியில் டிபன் டப்பா, அதன் மூடிமேல் ஆள்காட்டி விரலால் ஆதி தாளம், வாய் மூடியபடி முனகல். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். சாருடைய இசைப் பணியின் அலுவல் நேரம் அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது மட்டுமல்ல. நம் இசையில் பாட்டைக் கட்டுகிறவர் எதைத் தின்று, எந்த நேரத்தில், யார் செலவில் அதைக் கட்டுகிறார் என்பதைப் பற்றியது. பாடுகிறவருக்கு மேடை இருக்கிறது, சன்மானம் இருக்கிறது. கட்டியவருக்கு என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால், சாரைப் போன்றவர்கள் வரிசையாக வந்து நிற்கிறார்கள், பெரும் பெயர் பெற்றவர்கள் உட்பட.

உயர் நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளர்

முதலில் கோடீஸ்வர ஐயர். பெயரில்தான் கோடி. சென்னை உயர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்தவர். ‘கவிகுஞ்சர பாரதி’யின் பேரன், அதனால் பாட்டுகளில் ‘கவிகுஞ்சரதாசன்’ என்று முத்திரை வைத்தார். பட்டணம் சுப்பிரமணிய ஐயர், பூச்சி சீனிவாச ஐயங்கார் ஆகியோரின் இசையில் ஊறியவர். வக்கீல்களின் வாதத்தையும் சாட்சிகளின் சொல்லையும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்த அதே கைதான், 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கீர்த்தனை செய்தது. ‘கந்த கானாமுதம்’ என்று பெயர். எல்லாம் முருகன் மேல்.

72 ராகத்திலும் பாட்டுச் செய்வதற்கு என்ன வேண்டும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த 72இல் 40 ராகங்கள் விவாதி மேளங்கள். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் உரசிக்கொண்டு நிற்கும் அமைப்பு. பாடினால் தோஷம் என்று வித்வான்களே ஒதுங்கிப் போனவை. அவற்றில் பாட்டுச் செய்ய, கேட்டுப் பழகிய வழி எதுவும் கிடையாது. முகாரிக்கும் பைரவிக்கும் நூறு பாட்டு முன்னால் நிற்கிறது, அவை காட்டும் வழியில் போகலாம். ஒரு விவாதி மேளத்துக்கு அந்த ராகத்தின் முகம் எப்படி இருக்கும் என்பதையே முதலில் கண்டுபிடிக்க வேண்டும். எந்த ஸ்வரத்தில் நிற்பது, எதை ஒதுக்கிவிட்டுப் போவது, எங்கே ஆட்டுவது, எங்கே ஆட்டாமல் விடுவது. அதற்குமேல் தமிழ் எதுகை மோனை, ராகத்தின் பெயரையும் பொருளோடு சாகித்யத்துக்குள் நுழைக்கும் கட்டாயம். இதை ஒருவர் கோர்ட்டுக்குப் போய்வந்து மிச்ச நேரத்தில் செய்தார்.

செய்தார், சரி. யார் பாடினார்கள்? பெரும்பாலும் யாரும் பாடவில்லை. அந்தப் பாட்டுகளைப் பிடித்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் பாடியும் சொல்லிக்கொடுத்தும் நிலைநிறுத்தியவர் எஸ். ராஜம். 1919இல் பிறந்து 2010இல் மறைந்தவர். நம் வீடுகளில் மும்மூர்த்திகள் படம் மாட்டியிருக்கிறதே, அந்த உருவங்களை வரைந்த ஓவியரும் அவரே. கட்டியவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் இப்படி ஒரு மனிதர் வந்து வாய்க்காவிட்டால் அந்த 72 பாட்டும் அச்சுப் புத்தகமாகவே இருந்திருக்கும்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப். கோர்ட்டில் தீர்ப்பு எழுதிவிட்டு வந்து சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எழுதினார். 1879இல் தமிழின் முதல் நாவலையும் வெளியிட்டார். பெரியசாமித் தூரன் பள்ளி ஆசிரியராக இருந்தார், பிறகு தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியர். பத்துத் தொகுதி. அணுவிலிருந்து ஆகாயம் வரை எல்லாத் துறைக் கட்டுரைகளையும் திருத்தி, கலைச்சொல் கண்டுபிடித்து, அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் இன்றைக்குக் கச்சேரிகளில் துக்கடாவாகவும் உருப்படியாகவும் நாம் கேட்கும் தமிழ்ப் பாட்டுகளை அவர் செய்துகொண்டிருந்தார். தூரனின் சாகித்யங்கள் சிலவற்றுக்கு வேறு வித்வான்கள் மெட்டமைத்தார்கள். அந்தப் பெயர்களை மேடையில் யாரும் சொல்வதில்லை. கட்டியவர்களுக்குள்ளேயே இரண்டாம் வரிசை அது.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் கதை வேறு மாதிரி. 1859இல் பிறந்தவர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து சித்த வைத்தியரானார். அவருடைய கருணானந்த சஞ்சீவி மருந்துகள் ஊர் ஊராகப் போயின. மூலிகைத் தோட்டம் போட்டார். மருந்தில் வந்த பணத்தை இசையில் கொட்டினார். 1912இல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்வான்களைச் சொந்தச் செலவில் வரவழைத்து மாநாடு கூட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய்ச் சுருதி பற்றித் தம் கட்சியை நிறுவப் பார்த்தார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’. ஆயிரம் பக்கத்துக்கு மேல். 96 பாட்டும் செய்தார். மாத்திரை விற்ற காசில் ஒரு தனி மனிதர் பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையைச் செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

சென்னைத் தலைமைச் செயலகத்தில் உத்தியோகம் பார்த்த ஏ.எம். சின்னசாமி முதலியாரையும் சொல்லியாக வேண்டும். அவர் பாட்டுக் கட்டியவர் அல்லர், கட்டியவற்றைத் தாளில் பிடித்தவர். 1890களில் தியாகராஜர் முதலானோரின் கீர்த்தனைகளை மேல்நாட்டு ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதி இதழாக வெளியிட்டார். அதற்காகக் கைப்பொருளையும் கண்பார்வையையும் இழந்தார். சுப்பராம தீட்சிதர் தம்மிடம் இருந்ததையெல்லாம் எழுதி, எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்ததற்குப் பின்னாலும் முதலியாரின் தூண்டுதல் இருந்தது.

கடல் கடந்தாலும் கதை அதிகம் மாறுவதில்லை. அமெரிக்காவின் சார்லஸ் ஐவ்ஸ் நியூயார்க்கில் இன்ஷூரன்ஸ் கம்பெனி நடத்திக்கொண்டு மாலையிலும் ஞாயிறுகளிலும் சிம்பொனி எழுதினார். பிலிப் கிளாஸ் நாற்பது வயது தாண்டும்வரை டாக்சி ஓட்டினார், குழாய் ரிப்பேர் செய்தார். அதே கிளாஸ், இளவயதில் பாரிஸில், ரவிசங்கர் வாசித்துக் காட்டிய இசையைப் படத்துக்காக நொட்டேஷனில் எழுதித் தரும் வேலை பார்த்திருக்கிறார். கேட்டதைத் தாளில் பிடிக்க முயன்றபோதுதான் நம் தாளக் கணக்கு அவருக்குப் பிடிபட்டது. அவருடைய பிற்கால இசைக்கு அது ஒரு வித்தானது.

ஆறு போய்ச் சேரும் இடம்

எங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீர் அடையாற்றுத் தண்ணீர். ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளில் தொடங்கி, முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் உரசி, திருநீர்மலை, விமான நிலைய ஓடுபாதையின் அடி, சைதாப்பேட்டை என்று 42 கிலோமீட்டர் போய், தியசாபிகல் சொசைட்டியின் தோப்புகளை ஒட்டிக் கடலில் விழுகிறது. ஆறு முடிகிற அந்தத் தோப்புப் பக்கத்தில்தான், 1950களில், பாட்டுக் கட்டுவதையே வேலையாகக் கொடுத்து ஒருவரை உட்கார வைத்தார்கள்.

மைசூர் வாசுதேவாச்சார். 1865இல் பிறந்தவர், மைசூர் அரண்மனை வித்வான், 1935இலேயே சங்கீத கலாநிதி. அரசர்கள் காலம் முடிந்து, அவருக்கு எண்பத்தைந்து கடந்த பிறகு, ருக்மிணி தேவி அவரைக் கலாக்ஷேத்ராவுக்கு அழைத்து வந்தார். வால்மீகி ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாகச் செய்ய வேண்டும், அதற்கு இசை வேண்டும். முதல் நாடகம் ‘சீதா சுயம்வரம்’ 1955இல் அரங்கேறியபோது அவருக்கு வயது தொண்ணூறு.

வயதைவிட என்னை ஈர்ப்பது அந்த வேலையின் தன்மை. கீர்த்தனை செய்கிறவர் தன் மனசுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். நாட்டிய நாடகத்துக்கு இசை செய்கிறவர் எத்தனை பேருக்கோ பதில் சொல்ல வேண்டும். சுலோகத்தின் சந்தம் ஒரு பக்கம் இழுக்கும். ராமன் மேடைக்குள் நடந்துவர எத்தனை ஆவர்த்தனம் ஆகும் என்பது இன்னொரு பக்கம். ஒரு பாத்திரம் பேசி முடித்து அடுத்தவர் தொடங்கும்போது ராகம் மாறினால் காது துள்ளக் கூடாது. ஆடுகிறவரின் மூச்சு தாங்க வேண்டும், காலுக்கு வேலை இருக்க வேண்டும், அபிநயத்துக்கு இடம் விட வேண்டும். அதுவரை கீர்த்தனையிலும் வர்ணத்திலும் கைதேர்ந்த ஒரு முதியவர், அந்த வயதில் இந்தப் புதுத் தொழிலைக் கற்றுக்கொண்டு செய்தார். 1961இல் அவர் மறைந்தபோது தொடர் முடிந்திருக்கவில்லை. கூடவே இருந்து பழகிய பேரன் எஸ். ராஜாராம் மீதிக்கு இசை அமைத்து முடித்தார். இன்றும் அந்த ராமாயணம் ஆடப்படுகிறது.

ஒரு நிறுவனம் ஒருவரைப் பார்த்து, ‘உங்களுக்கு இருக்க இடம், சாப்பாடு, மரியாதை, நீங்கள் பாட்டை மட்டும் கட்டுங்கள்’ என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நம் ஊரில் எனக்குத் தெரியவில்லை. அடுத்து எத்தனை நிறுவனங்கள் அதைச் செய்தன என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்களே அதிகம்.

பாபநாசம் சிவனுக்கும் கலாக்ஷேத்ரா சில காலம் வேலை கொடுத்தது. ஆனால் அவரைத் தாங்கியதில் பெரும்பங்கு சினிமாவுக்கு. 1934இன் ‘சீதா கல்யாணம்’ தொடங்கி, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’, மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ வரை அவருடைய பாட்டுகள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன. சினிமாவுக்கு எழுதியதைத் தரம் குறைந்ததாகவும், கபாலி மேல் எழுதியதை உயர்ந்ததாகவும் பிரித்துப் பேசுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாடவீதியில் பஜனை பாடிச் சுற்றிய அந்தக் கால்களுக்கு வீட்டு வாடகை கொடுத்தது எது என்று பார்த்தால், இரண்டையும் பிரிக்கவே முடியாது.

இடைவேளையில் எழுதியவர்

1960களின் கடைசியில் பண்ணைப்புரத்திலிருந்து சென்னை வந்த ஒரு இளைஞர், தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு சங்கீதம் கற்றுக்கொண்டு, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகவும் வாத்தியக்காரராகவும் வேலை பார்த்தார். ரிக்கார்டிங் நடக்கிற நேரம் முழுக்க மற்றவரின் இசைக்கு. வாத்தியக்காரர்கள் டீ குடிக்கப் போகும் இடைவேளையில், தான் எழுதி வைத்திருந்த நொட்டேஷனை நீட்டி, ‘இதைக் கொஞ்சம் வாசித்துக் காட்டுங்களேன்’ என்று கேட்பார். தாளில் எழுதியது காதுக்கு எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழியில்லை. கால்ஷீட் கணக்கில் கூலி வாங்குகிற கலைஞர்கள், கூலி இல்லாத அந்தப் பத்து நிமிஷத்தை அவருக்குக் கொடுத்தார்கள்.

இளையராஜாவைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ செய்திகளில் என் மனசில் நிற்பது இதுதான். சார் ரயிலில் பிடித்த நேரமும் இதுவும் ஒரே ஜாதி.

பிற்பாடு அவர் வேலை செய்த முறையை அருகிருந்து கண்டவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். ஆர்மோனியத்தில் தேடித் தேடி வாசிப்பதில்லை. உட்கார்ந்து, எல்லா வாத்தியத்துக்கும் உரிய பகுதிகளை நேராகத் தாளில் எழுதுவார். வயலின் முதல் வரிசைக்கு, இரண்டாம் வரிசைக்கு, வியோலாவுக்கு, செல்லோவுக்கு, குழலுக்கு. உதவியாளர்கள் அதைப் பிரித்துப் படியெடுத்து ஸ்டாண்டுகளில் வைப்பார்கள். வாத்தியக்காரர் வந்து உட்கார்ந்ததும் ஒத்திகை, டேக். ஆயிரம் படத்துக்கு இப்படி எழுதிய கை. நடுவில் 1986இல், தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக ‘ஹவ் டு நேம் இட்’, 1988இல் ‘நத்திங் பட் விண்ட்’, 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவுடன் திருவாசகம்.

2024 மே மாதம், முழு சிம்பொனி ஒன்றை 35 நாளில் எழுதி முடித்துவிட்டதாக அவரே சொன்னார். 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில், மிக்கேல் டாம்ஸ் நடத்த, ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அந்த ‘வேலியண்ட்’ சிம்பொனியை வாசித்தது. அவருக்கு அப்போது 81 வயது. சிம்பொனி ஒலித்த நேரத்தில் மேடையில் வாசிப்பதற்கோ பாடுவதற்கோ அவருக்கு வேலை இல்லை. எழுதியவராக மட்டும் உட்கார்ந்து கேட்டார். ஒரு தமிழர், எழுதியவர் என்ற ஒரே தகுதியில், எழுந்து நின்று கைதட்டும் அரங்கின் நடுவே நிற்பதை அன்று பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. பாட்டுக்கு ஆள் உண்டு, அதைத் தாளில் எழுதிய கைக்கும் ஆள் உண்டு என்று நம் ஊரே ஒரு நாள் ஒப்புக்கொண்டது போல இருந்தது.

தாளில் எழுதாத பாட்டுக்கு யார் சொந்தம்?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. அதில் ‘இசைப் படைப்பு’ என்றால் அச்சிட்ட அல்லது எழுதிய அல்லது வேறு வகையில் வரைவாகப் பதிந்த இசை என்றுதான் இருந்தது. அதாவது, தாளில் இருந்தால்தான் அது படைப்பு. வாய்வழியே குருவிடமிருந்து சிஷ்யருக்குப் போகும் நம் சங்கீதத்துக்கு இது எவ்வளவு பொருந்தாத சட்டை என்று நினைத்துப் பாருங்கள். 1994இல்தான் திருத்தினார்கள். நொட்டேஷனில் பதிந்தாலும் பதியாவிட்டாலும் இசையைக் கட்டியவரே இசையமைப்பாளர் என்று சட்டம் இப்போது சொல்கிறது. பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்குமான உரிமை சேர்ந்ததும் அதே திருத்தத்தில்தான்.

அதற்கு முன் 1977இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனது. சினிமாவுக்காகக் கூலி கொடுத்து இசை செய்யச் சொன்னால், உரிமை படத் தயாரிப்பாளருக்கா, இசை செய்தவருக்கா? தயாரிப்பாளருக்கே என்றது தீர்ப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில். அந்தத் தீர்ப்போடு தம் கருத்தைத் தனியாக எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், நம் சட்டம் இசை கட்டியவரைக் கவனிக்கிறதே தவிரப் பாடுகிறவரைக் கவனிக்கவே இல்லை, இந்திய மரபுக்கு இது ஒவ்வாதது என்று வருத்தப்பட்டார். சங்கீத ரசிகரான அவர் பாடகரின் பக்கம் நின்றது புரிகிறது. ஆனால் சட்டப் புத்தகத்தில் கவனிக்கப்பட்ட இசையமைப்பாளர், சபா வாசலில் எந்தக் காலத்தில் கவனிக்கப்பட்டார்? 2012 திருத்தம் வந்த பிறகுதான், திரையரங்குக்கு வெளியே பாட்டு ஒலிக்கும் இடங்களில், எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு கிடைத்தது.

ஒரு கணக்கு சொல்கிறேன். உரிமை, படைத்தவர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார். அவர் யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாத பாட்டுகளுக்கு 2033 கடைசிவரை உரிமை உண்டு. தூரன் 1987இல் மறைந்தார். அவருக்கு 2047 வரை. இந்த மார்கழியில் கட்டணம் வாங்கி நடக்கிற எத்தனை கச்சேரிகளில் இவர்கள் பாட்டு ஒலிக்கும்! பாடகருக்குச் சன்மானம் நிச்சயம், பக்கவாத்தியத்துக்கு நிச்சயம், மைக் செட்டுக்கும் காண்டீனுக்கும் நிச்சயம். கட்டியவர் பெயரை அறிவிப்பில் சொன்னால் அதுவே பெரிய விஷயம் என்ற நிலையில் இருக்கிறோம்.

இன்றைக்கு எங்கே வேலை?

இன்று சென்னையில் கர்நாடக இசையில் மெட்டுக் கட்டிப் பிழைக்கிறவர்களைத் தேடினால், அவர்கள் பெரும்பாலும் நாட்டியத்தின் பக்கம் இருப்பார்கள். வாசுதேவாச்சார் போட்ட பாதைதான், ஒரு வகையில். பாரதியாரின் கொள்ளுப்பேரன் ராஜ்குமார் பாரதி மேடைப் பாடகராகப் பேர் வாங்கியவர். குரல் ஒத்துழைக்காமல் போனபின் இசையமைப்பையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். இன்று நாட்டியக் கலைஞர்கள் பலரின் படைப்புகளுக்குப் பின்னால் அவர் பெயர் இருக்கிறது.

அந்த வேலை நடக்கும் விதம் இது. ஆடுகிறவர் ஒரு கருவோடு வருவார்: ஒரு நாயகி, ஒரு கோயில், அல்லது ஒரு சங்கப் பாட்டு. பதவர்ணம் என்றால் அரை மணிக்கு மேல் தாங்க வேண்டும். சாகித்யம் தேட வேண்டும் அல்லது எழுத வேண்டும். ராகம் பொருந்த வேண்டும், ஜதிக்கு இடம் விட வேண்டும், நட்டுவனாரோடு உட்கார்ந்து கோர்வையைச் சரிபார்க்க வேண்டும். பிறகு ஸ்டூடியோ. மிருதங்கம் ஒரு நாள், வீணை ஒரு நாள், குரல் ஒரு நாள். ஒத்திகையில் ‘இந்த இடத்தில் இன்னும் நாலு ஆவர்த்தனம் வேண்டும்’ என்று ஆடுகிறவர் கேட்பார், மறுபடி கூட்ட வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஒரு தொகை, பெரும்பாலும் ஒரே தடவை. அந்த ஒலிப்பதிவு பென் டிரைவில் டொராண்டோவுக்கும் சிட்னிக்கும் போய் எத்தனையோ முறை ஒலிக்கும். கட்டியவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

நான் கேட்பது பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஒவ்வொரு சபாவும் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரே ஒரு புதுப் பாட்டை, உயிரோடு இருக்கும் ஒருவரிடம், முன்பணம் கொடுத்துக் கேட்கட்டும். ஆறு மாதத்துக்கு முன்னால் கேட்கட்டும். அவர் அந்த ஆறு மாதத்தில் இரண்டு டியூஷனையாவது விட்டுவிட்டு அதில் உட்கார முடிகிற அளவுக்குத் தொகை இருக்கட்டும். பாடும் நாளில் அவரை முதல் வரிசையில் உட்கார வைத்து, பாட்டுக்கு முன்னால் அவர் பெயரைச் சொல்லட்டும். ஐம்பது சபா இதைச் செய்தால் வருஷத்துக்கு ஐம்பது பாட்டு. அதில் நாற்பத்தெட்டு மறந்துபோகட்டும், பரவாயில்லை. எல்லாக் காலத்திலும் பெரும்பகுதி அப்படித்தான் மறைந்திருக்கிறது. மிஞ்சும் இரண்டுக்காகத்தான் மற்றதெல்லாம்.

மீனம்பாக்கம்

சாரின் நோட்டை வெயிலில் காயவைத்து, ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துப் பார்த்தேன். அவர் பவுண்டன் பேனாவால் எழுதியது முழுக்கப் போயிருந்தது. ஓரத்தில் பென்சிலால் எழுதிய ஸ்டேஷன் பெயர்கள் மட்டும் சில பக்கங்களில் அப்படியே இருந்தன. பாட்டே இல்லாமல், வெள்ளைத் தாளில், ‘திரிசூலம்’. இன்னொன்றில் ‘மாம்பலம்’.

எனக்குப் பாடமாக இருந்தவை பதினாலு பாட்டு. புது நோட்டு வாங்கி, முதல் வேலையாக அவற்றை எழுதினேன். மீதிக்குக் கூடப் படித்தவர்களைத் தேடினேன். ஒருத்தர் பெருங்களத்தூரில், ஒருத்தர் ஓசூரில், ஒரு அக்கா மஸ்கட்டில். ஒவ்வொருவர் தொண்டையிலும் நாலைந்து பாட்டு. ஒரே பாட்டை இரண்டு பேர் பாடினால் சங்கதி வேறாக வந்தது. எது சார் கட்டியது, எது இவர்கள் கையிலிருந்து சேர்ந்தது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

பூர்விகல்யாணிக் கீர்த்தனைக்குச் சரணம் மட்டும் யாருக்கும் வரவில்லை. போன மாசம் மஸ்கட் அக்கா போன் செய்தார். சமையல் செய்யும்போது சட்டென்று வாயில் வந்துவிட்டதாம். “எழுதிக்கோடா, திரும்ப மறந்துடுவேன்” என்று, பின்னால் குக்கர் விசில் அடிக்க அடிக்கப் பாடினார். அரை இடம் தள்ளி எடுப்பு. மூன்றாவது அடியில் மேல் ஷட்ஜத்துக்குப் போய்விட்டு, எதிர்பாராத ஒரு வளைவில் இறங்கி மத்தியமத்தில் நின்றது. குரோம்பேட்டை வரைக்கும் உட்காராமல் படுத்திய இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எழுதி முடித்து, அந்த அடிக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ‘மீனம்பாக்கம்’ என்று போட்டேன். நோட்டில் இப்போது இருபத்தாறு பாட்டு இருக்கிறது. இன்னும் ஐந்துக்கும் இரண்டு வர்ணத்துக்கும் பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்.